லூபஸோடு இருபதுகளைக் கடப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு லூபஸ் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகு, இந்தப் பெயரைப் புதிதாகக் கேள்விப்பட்ட இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் பேசத் தொடங்கினார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் ரூமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்களுக்கான) மருத்துவரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதற்காகக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

லூபஸ்னா என்ன? ஒரே நோய் எப்படி மூட்டு, தோல், கிட்னின்னு எல்லா இடத்துலயும் வரும்?

வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடையாளம் கண்டு தாக்குவதுதான் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. லூபஸில் அது உடலின் சொந்தத் திசுக்களையே அந்நியமாக நினைத்துவிடுகிறது. குறிப்பாக, செல்லின் உட்கருவில் இருக்கும் பொருள்களுக்கு எதிராக ஆன்டிபாடிகளை, அதாவது தாக்குதலுக்கான புரதங்களை, உருவாக்குகிறது. உட்கரு உள்ள செல்கள் உடலெங்கும் இருப்பதால் பாதிப்பும் எங்கு வேண்டுமானாலும் வரலாம். ஒருவருக்கு விரல் மூட்டுகள் வீங்கும். இன்னொருவருக்குக் கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவந்த தடிப்பு வரும். வேறொருவருக்குச் சிறுநீரகம், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, இரத்த அணுக்கள், சில நேரம் மூளைகூடப் பாதிக்கப்படும்.

ஆகவே உங்கள் தோழியின் லூபஸும் உங்கள் லூபஸும் ஒரே மாதிரி இருக்காது. அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று பயப்படவும் வேண்டாம், அவருக்கு வராதது உங்களுக்கும் வராது என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

ஒட்டிக்குமா? கேன்சர் மாதிரியா?

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, முத்தத்தாலோ, உடலுறவாலோ பரவாது. புற்றுநோயும் அல்ல. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளை லூபஸுக்கும் கொடுப்பதால் வரும் குழப்பம் இது.

எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து ஒரு நாட்டத்தைக் கொடுக்கின்றன. அதன் மேல் சூரியனின் புற ஊதாக் கதிர், சில வைரஸ் தொற்றுகள், புகைப்பழக்கம், ஹார்மோன்கள் போன்றவை தூண்டுதலாகின்றன. இவற்றில் எது, எப்போது உங்கள் உடலில் நோயைத் தொடங்கி வைத்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. உருவத்தில் ஒன்றுபோல இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும், மற்றவருக்குப் பல நேரங்களில் வருவதில்லை. மரபணு மட்டுமே காரணம் என்றால் அப்படி இருக்காது.

பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள்தான் தொடங்குகிறது. படிப்பு, வேலை, காதல், பிள்ளைப்பேறு எல்லாம் நடக்கும் வயது அது. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அதனால் வந்தவைதான்.

நான் ஆம்பளை. இது பொம்பளைங்களுக்கு வர்ற நோய்னு சொல்றாங்களே?

லூபஸ் உள்ள 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்கள். மீதமுள்ளவர்கள் ஆண்கள், அவர்களில் நீங்கள் ஒருவர். ஆண்களுக்கு வரும்போது சிறுநீரகப் பாதிப்பு சற்று அதிகமாகக் காணப்படுகிறது. அதனால் சிறுநீர்ப் பரிசோதனை பற்றிய பதிலை நீங்கள் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்போ லூபஸ் உறுதியா?

உறுதி இல்லை. செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஏ.என்.ஏ. பரிசோதனை. லூபஸ் உள்ள அனைவருக்கும் என்று சொல்லுமளவுக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வரும். ஆனால் பாசிட்டிவ் வந்த அனைவருக்கும் லூபஸ் இருக்காது. 1:80 என்ற அளவில், அதாவது இரத்தச் சீரத்தை 80 மடங்கு நீர்த்துப் பார்த்தால் நலமாக இருப்பவர்களிலேயே 100க்கு 13 பேருக்கும், 1:160 அளவில் 5 பேருக்கும் பாசிட்டிவ் வருகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரலாம்.

மருத்துவர் இதை மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்ப்பார். இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி, ஸ்மித் ஆன்டிபாடி, சி3, சி4 என்னும் இரத்தப் புரதங்களின் அளவு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரில் புரதம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஒரே ஒரு பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் மட்டும் அவர்களுக்குப் பதில் சொல்லாது.

இது வாழ்நாள் முழுக்க இருக்குமா? நான் எவ்வளவு காலம் உயிரோட இருப்பேன்?

முழுவதும் குணமாக்கும் வழக்கமான மருத்துவம் இன்றுவரை இல்லை. நோயை அடக்கி வைக்கும் மருத்துவம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியைப் பலரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 1950களில் லூபஸ் என்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டவில்லை. பழைய புத்தகங்களிலும் மூத்தவர்களின் நினைவிலும் இருக்கும் பயம் அந்தக் காலத்தையது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 100க்கு 90 பேர் அளவில் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மற்றவர்களைப் போல முதுமை வரை வாழ்வதை எதிர்பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கு தானாக வந்ததல்ல. மருந்தை விடாமல் எடுத்தவர்களும், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டுபிடித்தவர்களும் சேர்ந்து வந்த கணக்கு அது.

இப்போ நல்லாத்தான் இருக்கேன். மாத்திரையை நிறுத்திப் பாக்கலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இதுதான். கேட்பவர் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர். வலி போய்விட்டது, தோல் தெளிந்துவிட்டது, பழைய உடம்பு திரும்பக் கிடைத்துவிட்டது. அப்போது தினமும் காலையில் அந்த மாத்திரை மட்டும் "நீ நோயாளி" என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கி எறியத் தோன்றுவது எனக்குப் புரிகிறது.

ஆனால் நீங்கள் நன்றாக இருப்பது அந்த மாத்திரையால்தான். லூபஸ் அடங்கியிருப்பது நீறு பூத்த நெருப்பைப் போல. கனடாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். லூபஸுக்கு அடிப்படையாகக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை எடுத்து நோய் அமைதியாக இருந்த 47 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அதே மருந்தையும் மறு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 22 பேரில் 16 பேருக்கு நோய் மறுபடி தலைதூக்கியது. மருந்தைத் தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்குத்தான் அப்படி ஆனது. 1991இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, தாங்க முடியாத பக்கவிளைவு இல்லாதவரை இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மருந்து உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்திய முதல் சில வாரங்கள் எந்த மாற்றமும் தெரியாது. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்துக்கொள்வீர்கள். பிறகு ஒருநாள் நோய் திரும்பும்போது, நிறுத்தியதால்தான் வந்தது என்று தோன்றவே தோன்றாது. மருந்தைக் குறைக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். முதலில் ஸ்டீராய்டைக் குறைக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

அந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கண்ணைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே?

நீண்ட காலம் எடுத்தால் விழித்திரை பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது அளவையும் ஆண்டுகளையும் பொறுத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி. என்ற வரம்புக்குள் இருந்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் பாதிப்பு வரும் வாய்ப்பு 100க்கு ஒன்றுக்கும் கீழே, பத்து ஆண்டுகள் வரை 2க்கும் கீழே. 20 ஆண்டுகள் தாண்டும்போதுதான் அது கணிசமாக ஏறுகிறது.

தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும். பார்வை மங்கிய பிறகு போவதற்கல்ல இந்தப் பரிசோதனை. மங்குவதற்கு முன்பே கருவி கண்டுபிடித்துவிடும். உங்கள் எடை மாறினால் மாத்திரை அளவு இன்னும் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கவனிக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டீராய்டால முகம் வீங்கிப் போச்சு. யாரையும் பாக்கவே பிடிக்கல. நானே குறைச்சுக்கவா?

நீங்களாகக் குறைக்க வேண்டாம், திடீரென்று நிறுத்தவே வேண்டாம். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நமக்குத் தேவையான கார்டிசால் ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து சில வாரங்கள் தொடர்ந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு வந்தால், அவை தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. திடீரென மருந்தை நிறுத்தினால் உடனே விழித்துக்கொள்ள அவற்றால் முடியாது. வாந்தி, கடுமையான சோர்வு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இதனால்தான் படிப்படியாக, சில நேரம் மாதக்கணக்கில் குறைக்கிறார்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். நீங்கள் ஸ்டீராய்டு எடுப்பதை எழுதி எப்போதும் பையில் வைத்திருங்கள்.

முகத்தைப் பற்றிய வருத்தத்தை அற்பம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது வயதில் கண்ணாடியில் வேறு யாரோ தெரிவது பெரிய இழப்புதான். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பேசும் உறவினர்களை, இனிமேல் அப்படிப் பேச வேண்டாம் என்று தயங்காமல் தடுத்து நிறுத்தலாம். அளவு குறையக் குறைய வீக்கம் வடியும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். தினமும் 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவந்துவிட வேண்டும், முடிந்தால் நிறுத்தியே விட வேண்டும் என்பதுதான் இப்போதைய சிகிச்சை வழிகாட்டுதல்களின் இலக்கு. அடுத்த சந்திப்பில் "எந்த மாதத்துக்குள் எவ்வளவுக்குக் குறைப்போம்? அதற்கு வேறு மருந்து சேர்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். திட்டம் தெரிந்தால் காத்திருப்பது கொஞ்சம் எளிதாகும்.

தொடை இடுக்கிலோ இடுப்பிலோ புதிதாக வலி வந்து நீடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் இடுப்பெலும்பு மூட்டுக்கு இரத்த ஓட்டம் குறைவது இளம் வயதிலும் நடக்கிறது.

எனக்கு வலியே இல்லை. எதுக்கு அடிக்கடி யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க?

சிறுநீரகம் வலிக்காமலேயே கெட்டுப்போகும். லூபஸில் இதைவிட முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும் நேரத்தில் ஏற்கெனவே கணிசமான சேதம் ஆகியிருக்கும். அதற்கு வெகுமுன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும். ஒரு நாளில் அரை கிராமுக்கு மேல் கசிந்தால், ஊசி மூலம் சிறுநீரகத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி பற்றிப் பேசுவார்கள். எந்த வகைப் பாதிப்பு, எவ்வளவு வலுவான மருந்து வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

சிறுநீரில் அடங்காத நுரை, கணுக்காலிலும் கண்ணைச் சுற்றியும் வீக்கம், திடீரென ஏறும் இரத்த அழுத்தம் ஆகியவை தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வலி மாத்திரைகளில் பல, ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்தவை. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு அவை கெடுதல். கேட்காமல் வாங்கி விழுங்காதீர்கள்.

வெயில்ல போகவே கூடாதா?

போகலாம், பாதுகாப்போடு. புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சேதப்படுத்துகிறது. சிதைந்த செல்லின் உட்கருப் பொருள் வெளியே வரும்போது, முதல் பதிலில் சொன்ன ஆன்டிபாடிகளுக்கு இலக்கு கிடைக்கிறது. தோலில் தொடங்கிய தூண்டல் மூட்டு வலியாகவும் அசதியாகவும் வெளிப்படலாம். எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் அதைவிட நம்பகமானவை.

மேகமூட்டமான நாளிலும் கதிர் வரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும் இன்னொரு வகையை விட்டுவிடும். வகுப்பிலோ அலுவலகத்திலோ ஜன்னலோர இருக்கையை மாற்றிக் கேட்க இது போதுமான காரணம். வெயிலைத் தவிர்ப்பவர்களுக்கு விட்டமின் டி குறைய வாய்ப்பு அதிகம், அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எந்நேரமும் அசதி. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்க. நான் நடிக்கிறேனா?

நீங்கள் நடிக்கவில்லை. லூபஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் குறை அசதிதான். இரத்தப் பரிசோதனை அமைதியாக இருக்கும்போதும் அது இருக்கலாம். நல்ல தூக்கத்துக்குப் பிறகும் போகாது. படித்த வரியையே மறுபடி படிக்க வைக்கும் மூளை மந்தமும் பல நேரம் கூடவே வரும்.

முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடச் சொல்லுங்கள்: இரத்தசோகை, தைராய்டு, விட்டமின் டி, தூக்கக் குறைவு, மனச்சோர்வு. ஸ்டீராய்டை இரவில் எடுத்தால் தூக்கம் கெடும், அதனால்தான் காலையில் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் அசதி இருந்தால், விசித்திரமாகத் தோன்றினாலும், அளவான உடற்பயிற்சி உதவுகிறது. நடையில் தொடங்கி வாரந்தோறும் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மிச்சம் மீதி வேலை அத்தனையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் நம்மில் பலருடைய பழக்கம். நல்ல நாளிலும் கொஞ்சம் தெம்பை மிச்சம் வையுங்கள்.

வீட்டாருக்கு உடம்பின் நிலை வெளியே தெரிவதில்லை. "முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இன்று என்னால் மாடி ஏற முடியும், ஆனால் துணி துவைக்க முடியாது" என்று குறிப்பாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு முறை அவர்களையும் அழைத்துப் போய், இந்த அசதி நோயின் பகுதி என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது இன்னும் நல்லது.

காய்ச்சல் வந்தா நோய் கிளம்பிடுச்சுன்னு அர்த்தமா, இல்லை இன்ஃபெக்‌ஷனா?

வீட்டில் இருந்தபடி பிரித்தறிய முடியாது, முயலவும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். தொற்று வேகமாக முற்றலாம். மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் எழுதும்போது லூபஸ் இருப்பதைச் சொல்லுங்கள். சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக்குகள் லூபஸ் உள்ள பலருக்குத் தடிப்பையோ நோய்த் தூண்டலையோ கொண்டுவருகின்றன.

தடுப்பூசிகள் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ, நிமோனியா, ஹெச்.பி.வி. தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி இல்லாதவற்றைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தித் தயாரித்தவற்றை, வலுவான மருந்து எடுக்கும் காலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள்.

எதைச் சாப்பிடக்கூடாது? மூலிகை மருந்து எடுத்தா குணமாகும்னு ஒருத்தர் சொன்னார்.

லூபஸைக் குணப்படுத்தும் உணவு இல்லை. அல்ஃபால்ஃபா முளைகள் நோயைத் தூண்டுவதாகத் தெரிந்திருக்கிறது, அதை விடுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போதும் இரத்த அழுத்தம் இருக்கும்போதும் உப்பைக் குறையுங்கள். புகைபிடித்தால் நிறுத்துங்கள். புகை தோல் பாதிப்பை மோசமாக்கும், இதயத்துக்கு ஏற்கெனவே லூபஸ் தரும் சுமையைக் கூட்டும்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் எதுவும் நமக்கு ஏற்றதல்ல. நம் உடலில் அது அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் பிரச்சினையே. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடிகளும் அப்படித்தான். சிலவற்றில் ஸ்டீராய்டே ஒளிந்திருக்கும், சில மூலிகைகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கும். சொன்னவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார். நன்றி சொல்லிவிட்டு, எடுக்காமல் இருந்துவிடலாம்.

காலேஜ்லயும் ஆபீஸ்லயும் சொல்லணுமா?

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. நான் பார்த்தவரை, நோயின் பெயரைவிட உங்களுக்குத் தேவையானதைச் சொல்வதுதான் வேலையை நடத்துகிறது. "மூன்று மாதத்துக்கு ஒரு நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் நிற்கும் வேலை முடியாது" என்பது போதும். தேர்வில் கூடுதல் நேரமோ வருகைப்பதிவில் சலுகையோ வேண்டுமானால், நன்றாக இருக்கும்போதே மருத்துவரின் கடிதத்தோடு கேட்டுவிடுங்கள். நோய் கிளம்பி, தேர்வைத் தவறவிட்ட பிறகு கேட்பது நூறு மடங்கு கடினம்.

படிப்பை ஒரு ஆண்டு நிறுத்தி வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சிறுநீரகத்துக்கோ மூளைக்கோ கடும் சிகிச்சை நடக்கும்போது நிறுத்துவது நியாயமானதே. "முழுக்கக் குணமானதும் தொடர்கிறேன்" என்று தேதி இல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. ஆயுள் பற்றிய பதிலில் சொன்னபடி, அப்படி ஒரு நாள் இந்த நோயில் வராது. திரும்பிச் சேரும் பருவத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள்.

விரும்புறவர்கிட்ட எப்போ சொல்றது? சொன்னா விட்டுட்டுப் போயிடுவாரோ?

முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டிய கடமை இல்லை. ஆனால் சேர்ந்து வாழ்வது பற்றிப் பேசத் தொடங்கும்போது கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மறைத்துத் திருமணம் செய்தவர்கள் மாத்திரையை ஒளித்து விழுங்குகிறார்கள், சந்திப்புகளைத் தவறவிடுகிறார்கள், கடைசியில் நோய் கிளம்பும்போதுதான் எல்லாம் வெளியே வருகிறது. குடும்பத்தார் மறைக்கச் சொன்னாலும் உடன்படாதீர்கள்.

விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அது வலிக்கும். கேட்டுவிட்டு, பயந்து, இரண்டு நாள் கழித்து ஒரு கேள்விப் பட்டியலோடு திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தை பெத்துக்க முடியுமா?

பெரும்பாலானவர்களால் முடியும். ஆனால் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும். கருத்தரிப்பதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் நோய், குறிப்பாகச் சிறுநீரகம், அமைதியாக இருக்க வேண்டும். லூபஸுக்குக் கொடுக்கும் மருந்துகளில் மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோபாஸ்பமைட் ஆகியவை கருவுக்குக் கேடு. மைக்கோஃபினோலேட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி, அசதியோபிரின் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு மாற்றி, நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முயல வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பகாலம் முழுவதும் தொடர வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் நடக்கக் கூடாதது. இரத்தக்கொதிப்புச் சிக்கலைக் குறைக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுப்பார்கள்.

முன்கூட்டியே ஆன்டி-ரோ, ஆன்டிஃபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகளைப் பரிசோதிக்க வேண்டும். ஆன்டி-ரோ உள்ள தாய்மார்களின் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 2 பேருக்கு இதயத் துடிப்பு மின்னோட்டத்தில் தடை வரலாம், அதனால் கருவின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள். ஆன்டிஃபாஸ்போலிபிட் இருந்தால் இரத்தம் உறைவதும் கருச்சிதைவும் நிகழலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. குழந்தைக்கு லூபஸ் வருமா என்றால், பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை.

மாதவிடாய் சீராக கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தாங்க. எடுக்கலாமா?

முந்தைய பதிலில் சொன்ன ஆன்டிஃபாஸ்போலிபிட் பரிசோதனை முடிவு தெரியாமல் எடுக்காதீர்கள். அது பாசிட்டிவாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டும். நோய் தீவிரமாக இருக்கும்போதும் தவிர்ப்பார்கள். கருப்பையில் பொருத்தும் சாதனமும் புரோஜெஸ்டின் மட்டுமே உள்ள முறைகளும் பெரும்பாலும் பொருந்தும். மைக்கோஃபினோலேட் எடுப்பவர்களுக்கு நம்பகமான கருத்தடை கட்டாயம். மணமாகாத பெண்ணிடம் இதைப் பற்றி மருத்துவர்கள் பேசாமல் விடுவது உண்டு. நீங்களே கேளுங்கள்.

சைக்ளோபாஸ்பமைட் போடணும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் குழந்தை பிறக்காதா?

அது மொத்த அளவையும் உங்கள் வயதையும் பொறுத்தது. வயது குறைவாக இருந்தால் கருமுட்டைப் பையைத் தாக்கும் ஆபத்தும் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மி.கி. வீதம் ஆறு முறை கொடுக்கும் குறைந்த அளவு முறை இருக்கிறது, மொத்தம் 3 கிராம். அது எனக்குப் பொருந்துமா, அல்லது மைக்கோஃபினோலேட் போதுமா என்று கேளுங்கள். கருமுட்டைப் பையை ஓய்வில் வைக்கும் லியூப்ரோலைடு ஊசியும், நேரம் இருந்தால் கருமுட்டையை உறைய வைப்பதும் உண்டு. ஆண்களுக்கு விந்தணுவைச் சேமிக்கும் வழி இருக்கிறது. இவை எல்லாம் முதல் ஊசிக்கு முன்பு பேச வேண்டியவை. ஆனால் உறுப்பே ஆபத்தில் இருக்கும்போது, இதற்காகச் சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

என் பொண்ணுக்கு 21 வயசு. டாக்டரைப் பாக்கும்போது நான் உள்ளே வரக் கூடாதுங்கிறா. விடலாமா?

விடுங்கள் அம்மா. இன்னும் பல ஆண்டுகள் அவர்தான் இந்த நோயோடு இருக்கப் போகிறார், மருத்துவரிடம் தனியாகப் பேசப் பழகியே ஆக வேண்டும். கருத்தடை, புகை, மாத்திரை விட்டது போன்றவற்றை உங்கள் முன்னால் சொல்ல மாட்டார். முதல் பாதி அவர் தனியாக, கடைசி ஐந்து நிமிடம் நீங்களும் சேர்ந்து என்று உடன்பாடு செய்துகொள்ளலாம். தேதி, மருந்தளவு, சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின், சி3, சி4 எழுதிய கோப்பை இனி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

எதுவுமே பிடிக்கல. சில நாள் செத்துடலாம்னு தோணுது. இதுவும் நோய்தானா?

அப்படித் தோன்றினால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள், இன்றே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். இதைச் சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை.

மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். அதிக அளவு ஸ்டீராய்டு சில நாள்களிலேயே தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப் போடும். லூபஸே மூளையைத் தாக்கலாம். இழந்தவற்றுக்கான துக்கமும் மனச்சோர்வாக மாறலாம். எது என்று பிரித்துப் பார்க்க ரூமட்டாலஜி மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டால்தான் என்று சந்தேகித்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள். காரணம் மேலே இருக்கிறது.

கார்-டி சிகிச்சையில லூபஸ் முழுசா போயிடுதாமே? அதுவரைக்கும் காத்திருக்கலாமா?

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் தொடங்கிய சிகிச்சை அது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, ஆன்டிபாடி உற்பத்திக்குக் காரணமான பி செல்களை அழிக்கும்படி மாற்றி, மறுபடி உடலில் ஏற்றுகிறார்கள். முதலில் 2021இல் ஓர் இளம்பெண்ணுக்குச் செய்ததை வெளியிட்டார்கள். 2024இல் வெளியான தொடரில் லூபஸ் உள்ள 8 பேருக்கும் நோய் அடங்கி, மற்ற மருந்துகளை நிறுத்தவும் முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அவர்கள் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத தீவிர நோய் உள்ளவர்கள், எண்ணிக்கையும் குறைவு. அந்தச் செல்களுக்கு இடம் உண்டாக்க முன்னதாகக் கீமோ மருந்து கொடுக்கிறார்கள், தொற்று அபாயமும் உண்டு. நீண்ட கால விளைவு தெரிய ஆண்டுகள் வேண்டும். இதற்கிடையே லூபஸுக்கான புதிய மருந்துகளான பெலிமுமாப் 2011இலும் அனிஃப்ரோலுமாப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன. இப்போதுள்ள மருந்து போதவில்லை என்றால் இவை பொருந்துமா என்று கேளுங்கள், ஆய்வுகளில் சேர வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். காத்திருப்பது என்றால் இன்றைய மாத்திரையையும் அடுத்த சிறுநீர்ப் பரிசோதனையையும் விடாமல் காத்திருங்கள். வடுவாகிப்போன சிறுநீரகத் திசுவை எந்தப் புதுச் சிகிச்சையாலும் பழையபடி ஆக்க முடியாது.